இமெயிலா, மின்னஞ்சலா? இணையச் சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவர நான்கு வழிகள்

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு படிவத்தில்தான் ஆரம்பிக்கிறது. பெயர், முகவரி, கைப்பேசி எண், அதற்குக் கீழே இன்னொரு காலிக் கட்டம். அதன் முன்னால் ‘இமெயில்’ என்று அச்சடிப்பதா, ‘மின்னஞ்சல்’ என்று அச்சடிப்பதா? கூட்டுறவுச் சங்கத்துக்குப் படிவம் தயாரிப்பவர் கேட்கிறார். செயலியைத் தமிழாக்கும் தம்பி கேட்கிறான். சிறுகதை எழுதும் அக்காவும் கேட்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லி, மூன்று பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். செயலிகளையும் படிவங்களையும் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. எனவே இந்த முறை கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

‘இமெயில்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் அநேகமாக எல்லா மொழிகளுக்கும் இந்தச் சொல் வாசல் வரை வந்தது. சில மொழிகள் அப்படியே உள்ளே விட்டன, சில மொழிகள் சட்டையை மாற்றிவரச் சொல்லின, ஒன்றிரண்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு வேறொன்றை அனுப்பின. அவர்கள் எங்கெங்கே இடறினார்கள் என்று பார்த்தால் நம் வேலை எளிதாகும்.

## முதலில் அளவுகோல்

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

படிப்பவருக்கு உடனே புரிகிறதா? வேற்றுமை உருபும் வினையும் சேர்ந்தால் வளைந்து கொடுக்கிறதா? தமிழ் எழுத்தில் எழுதியதும் வேறொரு சொல்லோடு குழம்புகிறதா? அந்தச் சொல்லிலிருந்து பிள்ளைகுட்டிகள் பிறக்குமா, அதாவது நாளைக்கு அதே வரிசையில் இன்னும் பத்துச் சொல் தேவைப்பட்டால் கைகொடுக்குமா? கடைசியாக, எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்களா, தேடினால் கிடைக்குமா?

அழகையும் தூய்மையையும் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அங்கிருந்து ஆரம்பித்தால் சண்டை முடிவதற்குள் படிவம் அச்சுக்குப் போய்விடும்.

‘புரிகிறதா’ என்பதில் ஒரு எச்சரிக்கை. இ-சேவை மையத்தில் ஒருநாள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கணினி முன்னால் இருந்த பையன் முன்னால் நின்ற அம்மாவிடம், “மெயில் ஐடி இருக்காம்மா?” என்றான். அவர் விழித்தார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, “மின்னஞ்சல், மின்னஞ்சல்” என்றான். இன்னும் விழித்தார். பிறகு, “உங்க பையன் போன்ல கடுதாசி மாதிரி வருமே, அது” என்றான். “அத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி” என்று மகனுக்குப் போன் போட்டார். தமிழ்ச் சொல்தான் எளிது என்பவர்களும் ஆங்கிலச் சொல்தான் எல்லோருக்கும் தெரியும் என்பவர்களும் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

## வழி 1: ஒலியோடு எடுப்பது – ‘இமெயில்’

மிகவும் மலிவான வழி இதுதான். முதல் நாள் செலவு ஒன்றும் இல்லை. ஜப்பானியர் ‘மெயில்’ என்பதை ‘மேரு’ என்று தங்கள் வாய்க்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டார்கள். பிறகு கைப்பேசியில் அனுப்பும் குறுஞ்செய்திக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். கடன் வாங்கிய சொல் கடன் கொடுத்தவர் வீட்டில் செய்யாத வேலையையும் செய்ய ஆரம்பித்தது. போலந்துக்காரர்கள் தங்கள் எழுத்துக்கூட்டலிலேயே எழுதி, ‘மெயிலை அனுப்பு’ என்னும்போது உயிருள்ள ஆண்பால் பெயருக்குப் போடும் உருபைப் போட்டுப் பேசுகிறார்கள். அந்த அளவுக்குச் சொல் வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. ஜெர்மனியில் இந்தச் சொல் பெண்பால், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அஃறிணைப் பால்தான் அதிகம். அதைவிட வேடிக்கை, நடுவில் உள்ள சிறு கோட்டை விட்டுவிட்டால் ஜெர்மன் மொழியில் அது ‘எனாமல்’ என்ற பழைய சொல்லாகிவிடும். பாத்திரத்தின் மேல் பூசுவார்களே, அதே எனாமல். ‘டவுன்லோட்’ என்பதற்கு இறந்தகாலம் அமைப்பதில் இன்னும் பெரிய தகராறு. ஜெர்மன் வினையின் முன்னொட்டை ஆங்கிலச் சொல்லின் முன்னால் வைப்பதா, நடுவில் பிளந்து வைப்பதா என்று இரண்டு வடிவமும் புழங்குகின்றன.

இந்த இடத்தில் தமிழ் அதிர்ஷ்டசாலி. நமக்குப் ‘பண்ணு’, ‘செய்’, ‘போடு’, ‘அனுப்பு’ என்று துணைக்கு ஆள் இருக்கிறது. எந்த ஊர்ச் சொல்லைக் கொண்டுவந்தாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’ போட்டால் வண்டி ஓடும். வினைச்சொல்லுக்கு உள்ளேயே கைவைத்து ‘கூகுளித்தேன்’, ‘சாட்டினோம்’ என்று எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. ‘நேற்று இரவு அவளோடு சாட்டினேன்’ என்றால் குற்றம் சாட்டினாரா, அரட்டை அடித்தாரா என்று சந்தேகம் வரும். கேலிக்குச் சரி, படிவத்துக்கு ஆகாது.

‘இமெயில்’ ஒரு நல்ல பிள்ளை. ‘ல்’லில் முடிவதால் இமெயிலை, இமெயிலுக்கு, இமெயிலில் என்று வழுக்கிக்கொண்டு போகிறது. எல்லாச் சொல்லும் அப்படி இல்லை. ‘ஆப்’ என்பதோடு ‘ஐ’ சேர்த்துப் பாருங்கள்: ‘ஆப்பை இறக்கினேன்’. மரக்கட்டையைப் பிளக்கிற ஆப்பா, கைப்பேசியில் இருக்கிற ஆப்பா? ‘செயலி’ இவ்வளவு சீக்கிரம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

ஆனால் இந்த வழியின் உண்மையான மறைமுகச் செலவு நம் எழுத்தில் இருக்கிறது. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். கட்டணம் கட்டும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கான வரிகள், ஒரு பெரிய அட்டவணை. ஓரிடத்தில், பயனர் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று செய்தி. ‘லாக் அவுட் ஆகிவிட்டீர்கள்’ என்று எழுதினேன். பல பக்கம் தள்ளி இன்னொரு செய்தி, மூன்று தடவை தப்பான கடவுச்சொல் போட்டதால் கணக்கைப் பூட்டிவிட்டோம் என்பது. அதற்கும் ‘லாக் அவுட் ஆகிவிட்டீர்கள்’. இரண்டும் சரியான ஒலிபெயர்ப்பு! ஆங்கிலத்தில் வெளியேறுவதற்கு ஓர் எழுத்து, பூட்டுவதற்கு வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘க்’தான். பூட்டப்பட்டவர்கள் எல்லாம் ‘வெளியே வந்துவிட்டோம் போல’ என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார்கள். உதவி எண்ணுக்கு அழைப்பு குவிந்தது. தப்பு என்னுடையதுதான். இப்போது அந்த இரண்டு வரிகளும் ‘வெளியேறிவிட்டீர்கள்’, ‘உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது’ என்று இருக்கின்றன.

இதே ‘க்’ இன்னொரு சொல்லையும் பாடுபடுத்துகிறது. ‘பிளாக்’ என்றால் வலைப்பதிவு, தடை செய்வது, கறுப்பு, கட்டடத்தின் ஒரு பகுதி எல்லாம்தான். ‘அவர் என் பிளாக்கைப் பிளாக் செய்துவிட்டார்’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர் யோசித்துத்தான் படிக்க வேண்டும். இந்திக்காரருக்கு இந்தக் கவலை இல்லை, அவர்களுடைய எழுத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ‘இந்தியில் அப்படியே எழுதுகிறார்களே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வழி ஒன்றுதான் என்றாலும் சுங்கக் கட்டணம் மொழிக்கு மொழி மாறும்.

## வழி 2: பொருளைப் பெயர்ப்பது – ‘மின்னஞ்சல்’

பின்லாந்துக்காரர்கள் நம்மைப் போலவே செய்தார்கள். அவர்கள் மொழியில் ‘சாஹ்கோ’ என்றால் மின்சாரம், ‘போஸ்தி’ என்றால் அஞ்சல். இரண்டையும் ஒட்டினால் ‘சாஹ்கோபோஸ்தி’. அப்பட்டமான மின்னஞ்சல். பேச்சில் அவர்களும் ‘மெய்லி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

‘மின்னஞ்சல்’ நன்றாகவே வேரூன்றிவிட்டது. இலங்கையில் அடித்த அழைப்பிதழிலும் இருக்கிறது, தமிழ்நாட்டு அரசாணையிலும் இருக்கிறது. இதில் ஒரு சின்ன வேடிக்கை. ‘அஞ்சல்’ என்பதே பேச்சில் பெரிதாகப் புழங்கியதில்லை. வாயில் வந்தது ‘தபால்’, அது தெலுங்கிலும் மராத்தியிலும் கிட்டத்தட்ட அப்படியேதான். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர் தபால்காரர்தான். ஆனால் ‘மின்தபால்’ என்று யாரும் சொல்வதில்லை. எழுத்து வழக்குக்கென்று ஒரு ‘அஞ்சல்’ தயாராக இருந்ததால்தான் புதுச்சொல்லுக்கு உட்கார இடம் கிடைத்தது.

பிள்ளைகுட்டி விஷயத்தில் இந்த வழி பிரமாதம். மின்னூல், மின்வணிகம், மின்னிதழ் என்று வரிசையாக வந்தன. ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். மின்விசிறி? அது இணையத்தில் சுற்றுவதில்லை. ‘மின் கட்டணம்’ என்றால் இணையத்தில் கட்டும் கட்டணமா, கரண்ட் பில்லா? ‘மின் ரசீது’ கைப்பேசிக்கு வரும் ரசீதா, மின்வாரிய ரசீதா? ‘மின்’ என்ற ஒரே எழுத்துக்கூட்டத்தின் தலையில் மின்சாரத்தையும் இணையத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். பின்லாந்துக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அவர்கள் மொழியில் ‘சாஹ்கோலாஸ்கு’ என்றால் கரண்ட் பில். அதனால் வங்கி வழியாக வரும் மின்ரசீதுக்கு ‘இ-லாஸ்கு’ என்று ஆங்கில எழுத்தையே ஒட்டிக்கொண்டார்கள். பொருளைப் பெயர்த்தவர்களே ஓரிடத்தில் கைவிட்டு, வேறு வழிக்குத் தாவிய இடம் அது. என்னைக் கேட்டால் நல்ல முடிவு.

இன்னொரு மறைமுகச் செலவு, ஒரே தமிழ்ச் சொல்லின் மேல் பல ஆங்கிலச் சொற்கள் வந்து உட்காருவது. ‘இணைப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘இணைப்பைச் சொடுக்கவும்’ என்றால் அது சுட்டி, அதாவது லிங்க். ‘இணைப்பைக் காண்க’ என்றால் கடிதத்தோடு வரும் கோப்பு. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்றால் நெட் போய்விட்டது. மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து எனக்கு ஒருவர் எழுதியிருந்தார்: ‘இணைப்பில் உள்ள இணைப்பைத் திறக்க இணைப்பு வேண்டும்’. சிரித்துவிட்டு, அவருக்கே போன் செய்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். ‘க்’ செய்த அதே வேலையை இங்கே ‘இணை’ செய்கிறது. தூய தமிழுக்கு மாறினால் குழப்பம் தீரும் என்று நம்பாதீர்கள். குழப்பம் எழுத்திலிருந்து பொருளுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். நான் இப்போது கோப்புக்கு ‘இணைப்புக் கோப்பு’, சுட்டிக்கு ‘லிங்க்’, நெட்டுக்கு ‘இணைய இணைப்பு’ என்று பிரித்து எழுதுகிறேன். மூன்றும் மூன்று வழியில் வந்தவை. யாரும் இதுவரை வழக்குப் போடவில்லை.

நிறுவனப் பெயர்களுக்கு இந்த வழி சரிவராது என்பது என் கட்சி. ‘முகநூல்’ எழுத்தில் நிலைத்துவிட்டது, அதை இனி யாரும் பிடுங்க முடியாது. ஆனால் கைப்பேசித் திரையில் முகநூல் என்ற பெயரில் எந்தப் படமும் இல்லை. பெரியவர் ஒருவருக்கு ‘முகநூலைத் திறங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் எதைத் தொடுவார்?

## வழி 3: புதிதாக வார்ப்பது – ‘கூரியேல்’

பிரெஞ்சு மொழியின் கதை இதில் பாடப்புத்தகம். கடிதப் போக்குவரத்துக்கான ‘கூரியே’ என்ற பிரெஞ்சுச் சொல்லையும், ‘எலெக்த்ரோனிக்’ என்பதன் தலையையும் சேர்த்து உருக்கியதுதான் ‘கூரியேல்’. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மொழிக்கென்றே உள்ள அரசு அலுவலகம் 1990களில் இதைப் பரப்பியது. பிரான்ஸ் அதை ஏற்பதற்கு முன்னால் வேறொன்றை முயன்றது. தொலைபேசி எண்ணுக்கு முன் சுருக்கமாக ‘தெல்’ என்று போடுவது போல, முகவரிக்கு முன் ‘மெல்’ என்று போடலாம் என 1997இல் அறிவித்தார்கள். அது பெரிதாக ஓடவில்லை. 2003 ஜூனில் பிரான்சின் அரசிதழ் கூரியேலையே ஏற்றது. அரசு ஆவணங்களில் இனி அதுதான்.

விளைவு? கியூபெக்கில் கடைக்காரர்கூட இயல்பாகக் கூரியேல் என்கிறார். பிரான்சில் அரசுப் படிவத்தைத் தாண்டினால் வாயில் வருவது ‘மெயில்’தான். மொழி ஒன்று, சொல்லும் ஒன்று, ஆனால் விதி இரண்டு. கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டம், பள்ளி, தொலைக்காட்சி, சுற்றிலும் ஆங்கிலம் இருப்பதால் வந்த எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து சொல்லைத் தாங்கின. பாரிசில் அந்த அவசரம் யாருக்கும் இல்லை.

நிலைத்த இடத்தில் சொல் பிள்ளை பெற்றது. குப்பைத்தொட்டிக்கான சொல்லோடு கலந்து, வேண்டாத மடலுக்குப் ‘பூரியேல்’ என்று கியூபெக்காரர்கள் வைத்தார்கள். விசைப்பலகையையும் அரட்டையையும் கலந்து இணைய அரட்டைக்கு ஒரு வினைச்சொல்லே உண்டு. நிலைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் பிரெஞ்சிலேயே உதாரணம் இருக்கிறது. 2013 ஜனவரியில் ‘ஹேஷ்டேக்’குக்குப் பதிலாக பிரான்ஸ் அரசு ஒரு சொல்லை அறிவித்தது. அதன் பொருள் ‘சுரக்குறிச் சொல்’, அதாவது இசைத்தாளில் சுரத்தைச் சற்று ஏற்றுவதற்குப் போடும் குறி. ஆனால் ஹேஷ்டேக்கில் இருப்பது அந்தக் குறியே அல்ல, அதைப் போன்ற இன்னொன்று. அறிவித்த அன்றே கேலி ஆரம்பித்துவிட்டது.

ஐஸ்லாந்து இன்னொரு துருவம். மொத்த மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. கணினிக்கு அவர்கள் வைத்த ‘தெல்வா’ என்ற சொல்லை 1965இல் உருவாக்கியவர் சிகுர்துர் நோர்தால் என்ற அறிஞர். எண்ணுக்கான சொல்லையும், பழங்கதைகளில் குறி சொல்லும் பெண்ணுக்கான சொல்லையும் கலந்தார். எண்ணை வைத்துக் குறி சொல்பவள்! மின்னஞ்சலுக்கு அதையே முன்னால் போட்டுக் ‘கணினி அஞ்சல்’ என்று அர்த்தம் வரும்படி அமைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் ‘இணையம்’ இப்படி வார்த்ததுதான். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ‘உலாவி’யும் நின்றது, ஏனென்றால் ‘உலாவு’ என்ற வினை எல்லோர் வாயிலும் இருக்கிறது. ட்வீட்டுக்குக் ‘கீச்சு’ பாதித் தூரம் வந்தது. வாட்ஸ்அப்புக்குப் ‘புலனம்’, இன்ஸ்டாகிராமுக்குப் ‘படவரி’ எல்லாம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கின்றன. பக்கத்தில் விளக்கம் போடாமல் அவற்றை எழுத முடிவதில்லை.

## வழி 4: பாதிக்குப் பாதி – ‘இ-சேவை’

துருக்கியர் ‘இ’யை வைத்துக்கொண்டு பின்னால் தங்கள் ‘போஸ்தா’வைச் சேர்த்தார்கள். சுவீடனிலும் எஸ்தோனியாவிலும் அதே கதைதான். மின்னஞ்சல் என்று அச்சிடும் தமிழ்நாட்டு அரசே, மையத்துக்குப் பெயர் வைக்கும்போது ‘இ-சேவை’ என்று வைத்தது. 2020 ஊரடங்கில் ‘இ-பாஸ்’ வாங்காத குடும்பம் குறைவு. ‘மின் அனுமதிச்சீட்டு’ என்று செய்தித்தாளில் எழுதினார்கள். வரிசையில் நின்றவர்கள் கேட்டது ‘இ-பாஸ்’.

ஆபத்து ஒன்று உண்டு. தமிழில் ‘இ’ சுட்டெழுத்து. இ + சேவை என்று புணர்த்தினால் ‘இச்சேவை’, அதாவது இந்தச் சேவை. நடுவில் உள்ள சிறு கோடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது, ஜெர்மன்காரரை எனாமலிலிருந்து காப்பாற்றுவது போல. கோட்டை விட்டுவிட்டு ‘இசேவை’ என்று எழுதிய பலகைகளையும் பார்த்திருக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | இமெயில் | மின்னஞ்சல் | புது வார்ப்பு | இ-அஞ்சல் போன்ற கலவை |
|---|---|---|---|---|
| உடனே புரிவது | நகரத்தில் எளிது | படித்தவருக்கு எளிது | விளக்கம் வேண்டும் | பெரும்பாலும் புரியும் |
| உருபும் வினையும் | ‘ஆப்’ போன்றவை இடறும் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | கோடு இடையூறு |
| குழப்பம் | க், ப், ட் எழுத்துகளில் | ‘மின்’, ‘இணைப்பு’ | குறைவு | ‘இ’ சுட்டு |
| சொற்குடும்பம் | வளராது | நன்றாக வளரும் | நிலைத்தால் வளரும் | அரைகுறை |
| எழுத்துக்கூட்டல் | இமெயில், ஈமெயில், இ-மெயில் | மின்னஞ்சல், மின் அஞ்சல் | ஒன்றே | கோடு உண்டு, இல்லை |
| மறைமுகச் செலவு | உதவி எண் | நீளம், பொத்தானில் அடங்காது | பள்ளி, அரசு, ஊடகம் தாங்க வேண்டும் | அச்சுப் பிழை |

## சரி, எதை எடுப்பது?

கூட்டுறவுச் சங்கத்துக்காரருக்கு: இரண்டையும் போடுங்கள், நடுவில் ஒரு சாய்கோடு. ‘மின்னஞ்சல் / இமெயில்’. காகிதத்தில் இடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் பேரனுடைய முகவரியைத்தான் எழுதப்போகிறார்கள்.

செயலித் தம்பிக்கு: பெயர்ச்சொல்லில் மாட்டிக்கொண்டால் வினைக்குத் தாவு. ‘லாக் அவுட்’டா ‘விடுபதிகை’யா என்று குழம்புவதைவிட ‘வெளியேறு’ என்று எழுதுவது மேல். ‘சைன் இன்’னுக்கு ‘உள்ளே செல்’, ‘அப்லோட்’டுக்குப் ‘படத்தை ஏற்று’. என் அனுபவத்தில் பாதிச் சண்டை இதிலேயே முடிந்துவிடும். மீதிக்கு ஒரு சொற்பட்டியல் போட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு வடிவம் என்று பூட்டிவிடு. ஈமெயில், இமெயில், மின்னஞ்சல் மூன்றும் ஒரே திரையில் வந்தால், மூன்று வேறு வசதிகள் இருப்பதாகவே பயனர் நினைப்பார். பட்டியலை முடித்ததும் வரிசையாகச் சத்தம் போட்டுப் படி. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வரிகள் இருந்தால் காது பிடித்துவிடும். என் கண் பிடிக்கவில்லை.

கதை எழுதும் அக்காவுக்கு: பாத்திரம் பேசும்போது ‘மெயில் போட்டியா?’ என்றுதான் பேசட்டும். கதை சொல்பவர் யார் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சொல்லும் கதையில் மின்னஞ்சல் வரும். ஐ.டி. கம்பெனிப் பையன் சொன்னால் வராது. எழுபதைத் தாண்டிய ஆச்சி பாத்திரம் ‘கம்ப்யூட்டர் கடுதாசி’ என்று சொன்னாலும் நான் நம்புவேன்.

புதிதாக ஒரு சொல்லை வார்க்க ஆசைப்படுகிறவர்கள், அதைத் தினமும் சொல்லப்போவது யார் என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். பாடநூல் குழுவிலோ செய்தி நிறுவனத்திலோ இருந்தால் தாராளமாக வார்க்கலாம். தனி ஆளாக இருந்தால், இருக்கிற சொற்களில் ஒன்றை எடுத்து ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருப்பது லாபம்.

எனக்கு இன்னும் முடிவாகாத ஒன்று உண்டு: ‘ஸ்பேம்’. ‘எரிதம்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு நெருப்புதான் ஞாபகம் வரும். இப்போதைக்குக் கோப்புறையின் பெயராக ‘ஸ்பேம்’ என்றும், வாக்கியத்துக்குள் ‘குப்பை மடல்’ என்றும் எழுதுகிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு வடிவம் என்று தம்பிக்குச் சொன்ன விதியை நானே மீறுகிறேன். அவன் இன்னும் கவனிக்கவில்லை.